கோடு போட்ட நாட்கள்

நிகழ்தகவில் பயப்பட எதுவும் இல்லை என்று முதல் வகுப்பிலேயே பொறியியல் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன். பயந்து நிற்கப்போவது நான் என்று யார் கண்டது.

அன்றைக்குப் பாடம், பெருமழை எத்தனை வருடத்துக்கு ஒரு முறை வரும் என்று கணிப்பது. புத்தக உதாரணங்கள் எனக்குப் பிடிக்காது. எவனோ பையிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டே இருப்பான். அதனால் நிவித்திகலப் பக்கம் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தின் மழைப் பதிவேட்டைத் திரையில் போட்டேன். முப்பது வருடமாக அங்கே மழை அளப்பவர் என் அப்பா அழகமுத்து. அவர் எழுதியதைக் கணினியில் ஏற்றி, போன வருடமே கணக்குப் பார்த்திருந்தேன். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்கு மேலே உள்ள மலையைச் சரிக்கும் மழை நூறு வருடத்துக்கு ஒரு முறைதான். வீட்டுக்கும் அதைச் சொல்லியிருந்தேன். இரண்டு நாளாக அங்கே அடைமழை. மண்சரிவு எச்சரிக்கையும் வந்துவிட்டது. அப்படியும் அப்பாவையும் அம்மாவையும் வெளியேறச் சொல்லவில்லை. கணக்கு இருக்கிறதே என்ற தைரியம்.

எங்கள் பக்கத்து ஊரான கொடகவெலவிலிருந்து வரும் ஷிப்னா கையை உயர்த்தினாள்.

“மிஸ், பெரிய வெள்ளத்துல எங்கட வாப்பாட கடை கூரை வரைக்கும் முங்கின. அந்த நாளுக்கு உங்கட தோட்டத்துல மழை சைபர்னு இரிக்கே?”

அப்பா கையால் எழுதிய பதிவேட்டின் படத்தைத் திறந்தேன். அந்த நாளில் எண் இல்லை, ஒரு கோடு. மறுநாளும் கோடு.

தோட்டத்தில் மழை அளப்பது, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு ஆள் கூடும் நேரத்தில். மழை கொட்டித் தள்ளினால் பெரட்டு இல்லை, வேலை இல்லை. எல்லாப் பதிவேட்டிலும் கோடு போட்டுவிடுவார்கள். வேலை தொடங்கும் நாளில், நிரம்பி வழியும் மழைமானியைக் கொட்டிவிட்டுப் புதிதாக வைப்பார்கள். அங்கேயே வளர்ந்த நான், கோடுகளையெல்லாம் மழையில்லாத நாள் என்று சைபராகத் தட்டியிருக்கிறேன். பெருமழை நாட்களை ஒன்றுவிடாமல் தூக்கி எறிந்துவிட்டுப் பயமில்லை என்றிருக்கிறேன், மடச்சி.

வகுப்பு பார்த்துக்கொண்டிருக்க அப்பாவை அழைத்தேன்.

“அப்பா, இன்னைக்கு பெரட்டு இருந்திச்சா?”

“இந்த மழையில எங்கம்மா பெரட்டு. நேத்தும் இல்ல.”

“அம்மாவ கூட்டிக்கிட்டு உடனே கீழ பள்ளிக்கூடத்துக்குப் போங்க. நான் சொன்ன கணக்கு பிழைப்பா.”

தகரக் கூரையில் விழும் மழைச் சத்தத்தை மீறி அப்பா குரலை உயர்த்தினார்.

“அம்மா மட்டுமா?” என்றார். “கிராமசேவகர் வந்து எல்லாரையும் எறங்கச் சொன்னாரு. நான்தான் எம்மக கெம்பஸ்ல கணக்கு போட்டுப் பாத்திருக்கா, ஒண்ணும் ஆகாதுன்னு லயம் பூரா சொன்னேன். ஒருத்தரும் போகலம்மா.”

“எத்தன வீடுப்பா?”

“பத்தொம்பது.”

போனை வைக்காதீர்கள் என்றேன். அவர் ஓடிப்போய் முதல் கதவைத் தட்டுவது கேட்டது. பக்கத்து வீட்டுப் பழனியாண்டி மாமா சாவகாசமாகப் பேசினார்.

“எதுக்கண்ணே பயப்படுறீங்க? ஜீவராணியே சொல்லிருச்சே. படிச்ச புள்ள பிழையா சொல்லுமா?”

“ஸ்பீக்கர்ல போடுங்கப்பா,” என்றேன். எண்பது மாணவர்கள் முன்னால் கத்தினேன். “மாமா, பிழையாத்தான் சொல்லிட்டேன். வெளிய வாங்க.”

ஏதோ பாத்திரம் உருண்டது. அப்பா அடுத்த கதவைத் தட்டினார். அங்கேயும் அதையே கேட்டார்கள், நானும் அதையே சொன்னேன். ஏழாவது கதவில், “மேல பாருங்க, மரமெல்லாம் சாயுது,” என்று ஒரு பெண்குரல் கேட்டது. அப்பா தட்டுவதை நிறுத்தவில்லை. என் கணக்கு பிழை, என் கணக்கு பிழை என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன்.