பெண்கள் பக்கத்து ஜன்னல்கள்

ஊர்ப் பொதுக் குளியல்கூடத்தை இடிக்கப்போகிறார்கள் என்ற சேதி வந்தபோது ரிம்மா வெள்ளரிக்காய்களை ஜாடியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். உப்புத் தண்ணீரை ஊற்றாமலே எழுந்துவிட்டாள்.

“ஜன்னல்!” என்றாள்.

அவள் கணவன் தீஹோன் செய்தித்தாளைத் தாழ்த்தினான். “எந்த ஜன்னல்?”

“குளியல்கூடத்து ஜன்னல்தான். அந்தக் காலத்து மரம், தடிமனான கண்ணாடி. வேன்யா மோப்பம் பிடிக்கறதுக்குள்ள நாம போயாகணும். கைவண்டியை எடு.”

“இப்பவேவா?”

“இல்ல, அடுத்த ஜென்மத்துல.”

வேன்யா என்கிற வெனியமின், வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர். தோட்டக் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர். போன மார்ச்சில் பெண்கள் தின விருந்தன்று ரிம்மா சந்தையில் வாங்கிய சதகுப்பைக் கீரையை உருளைக்கிழங்கின் மேல் தூவினாள். அது காகிதத்தை மெல்லுவதுபோல இருந்தது. “அடுத்த குளிர்காலத்துல என் தோட்டத்துக் கீரைதான், முள்ளங்கியும் போடுவேன்” என்று சொல்லிவிட்டாள். வெனியமின் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “கண்டக்டரம்மா, வெளியில பனி இடுப்பளவு கெடக்கு. டிக்கெட் கிழிச்ச கைக்கு முள்ளங்கி வராது.” முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள் ரிம்மா. எத்தனையோ குடிகாரர்களை நடுவழியில் இறக்கிவிட்டிருக்கிறாள். ஒருவரையும் மனதில் வைத்துக்கொண்டதில்லை. இவரை மட்டும் வைத்துக்கொண்டாள்.

இடிப்பு வேலை மேஸ்திரி ஒரு ஜாடி ஊறுகாய்க்கே மசிந்துவிட்டார். கடப்பாரையால் நெம்பி, கட்டடத்தின் பெண்கள் பக்கத்து ஜன்னல்கள் அத்தனையையும் முழுசாகக் கழற்றிக் கைவண்டியில் ஏற்றினார்கள். கடைசி நடை புறப்படும்போது வெனியமின் காரின் பின்னால் இழுவண்டியைப் பூட்டிக்கொண்டு தடதடவென்று வந்து சேர்ந்தார். ஆண்கள் பக்கத்து ஜன்னல்கள்தான் பாக்கி. அவற்றில் கண்ணாடி என்று சொல்ல ஒன்றும் இல்லை.

“லேட்டாயிடுச்சே தலைவரே. வண்டி கிளம்பிடுச்சு, அடுத்த வண்டியில வாங்க!” என்று பழைய கண்டக்டர் குரலில் கத்திவிட்டு ரிம்மா வண்டியைத் தள்ளினாள்.

அந்த இலையுதிர்காலம் முழுக்க அவர்கள் வீட்டில் சுத்தியல் சத்தம்தான். அவர்களுக்கென்று கொல்லையில் மரத்தால் கட்டிய சின்ன ஆவிக்குளியல் அறை ஒன்று இருந்தது. பனிக்காலத்திலும் கீரை வளர்க்க, அதன் தெற்குச் சுவரை ஒட்டி அந்த ஜன்னல்களால் பசுமைக்குடிலைச் சாய்த்துக் கட்டினார்கள். குளிக்க அடுப்பு மூட்டினால் செடிக்கும் சூடு கிடைக்கும் என்பது தீஹோனின் கணக்கு. வெயில் வராத பக்கவாட்டுக்கு, குப்பைமேட்டில் கிடந்த வீட்டுக் கதவுகளை நிறுத்தினார்கள். கதவு எண்கள்கூட அப்படியே இருந்தன: பதினேழு, எட்டு, நாற்பத்தொன்று. தபால்காரர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, “நாப்பத்தொண்ணுக்குத் தந்தி வந்தா இங்கயே போட்டுடவா?” என்று கேட்டுவிட்டுப் போனார். பழைய தார் டிரம் ஒன்று அடுப்பானது. அதன் புகைக்குழாயைப் பாத்திக்கு அடியில் படுக்கவைத்து மறுமுனையில் மேலே ஏற்றினார்கள். மூடிப்போன குழந்தைகள் காப்பகத்திலிருந்து வாத்துப் படம் போட்ட சின்னச் சின்ன மெத்தைகள் கிடைத்தன. பனி கொட்டும்போது கண்ணாடிக்கு மேல் போர்த்த அவை.

எல்லாம் சரி, ஜன்னல்களின் வெளிப்புறத்தில் பூசியிருந்த நீலப் பெயிண்டைச் சுரண்டியாக வேண்டும். பெண்கள் குளிக்கிற இடமல்லவா, தெருப்பக்கம் தெரியாமலிருக்க அடிக்கண்ணாடிகளில் கெட்டியாகப் பூசிவைத்திருந்தார்கள். ரிம்மா உளியை வைத்துச் சுரண்டிக்கொண்டே வந்தவள் ஒரு கண்ணாடியில் நின்றாள். நீலத்துக்கு நடுவே பொத்தான் அளவில் ஒரு வட்டம், ஆணியால் சுரண்டி எடுத்தது. விளிம்பெல்லாம் கை பட்டுப் பட்டு வழவழவென்று இருந்தது.

“இது என்ன, எலி கடிச்சதா?” என்று தனக்குத்தானே கேட்டாள்.

திரும்பிப் பார்த்தாள். தீஹோன் கண்ணாடி பதிக்கிற லப்பத்தை உருட்டிக்கொண்டிருந்தான். இல்லாத ஒரு தூசியை அதிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தான். அவன் காதுகள் பீட்ரூட் மாதிரி சிவந்திருந்தன.

ரிம்மா உளியைக் கீழே வைத்தாள். “தீஷா.”

“ம்.”

“இங்க பாரு. என் மூஞ்சியைப் பாரு.”

“லப்பம் காஞ்சிடும் ரிம்மா.”

“காயட்டும். நீயும் பாத்தியா இதுக்குள்ள?”

தீஹோன் நெடுமூச்சு விட்டான். “பள்ளிக்கூடத்துப் பயலுவ எல்லாருந்தான் பாத்தோம். சனிக்கிழமையானா வரிசை நிக்கும். ஆனா சத்தியமா சொல்றேன், ஆவியைத் தவிர ஒண்ணும் தெரியாது. ஒருதடவை ஒரு வாளி தெரிஞ்சுது. அதையே ஒரு வாரம் பேசினோம்.”

“வாளி!”

“தகர வாளி.”

“வெக்கங்கெட்ட கழுதைங்களா! நல்லவேளை, நான் அப்ப இந்த ஊருக்கே வரல.” திட்டினாளே தவிர அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. “யாரு பண்ணின ஓட்டை இது?”

தீஹோன் வேலிப்பக்கம் ஒரு பார்வை பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். “வேன்யாதான். ஒருதடவை பாக்க ஒரு மிட்டாய் வாங்குவான். என்கிட்ட மட்டும் ஒரு பை மிட்டாய் தின்னிருப்பான்.”

ரிம்மா அந்த வட்டத்தை விரலால் மெதுவாகத் தடவினாள். பிறகு அந்த ஒரு கண்ணாடியை மட்டும் சுரண்டாமல் தனியாக எடுத்து வைத்தாள். குடிலின் கதவில், பழைய உயரத்திலேயே அது பொருத்தப்பட்டது.

வெனியமின் சும்மா இருக்கவில்லை. முதல் பனி விழுவதற்கு முன்பே சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். குப்பையைக் கொண்டு கட்டிய கொட்டகை சங்கத்தின் அழகைக் கெடுக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில் முடிவு செய்து பிரித்துப்போட வேண்டுமாம்.

“பிரிச்சுடுவாங்களா ரிம்மா?” என்று தீஹோன் கவலைப்பட்டான்.

“பிரிக்கட்டும். ஆனா மொதல்ல வந்து நேர்ல பாக்கணும். பாக்காம தீர்ப்பு சொன்னா எப்படி?” என்றவள், கேட்டுக்கு வெளியே போய் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணிடமும் நின்று நின்று பேசிவிட்டு வந்தாள். என்ன பேசினாள் என்று தீஹோன் கேட்கவில்லை. கேட்டால் தூக்கம் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும்.

ஞாயிறன்று கூட்டம் ரிம்மாவின் கொல்லையிலேயே கூடியது. முன்னால் வெனியமின், கக்கத்தில் தோல்பை, கழுத்தில் நல்ல மஃப்ளர். அவருக்குப் பின்னால் பொருளாளர் யெவ்சேயும் இன்னொரு கமிட்டிக்காரரும். சற்றுத் தள்ளிப் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். நடுவில் வெனியமினின் மனைவி ஸோயா, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெண்கள் யாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்தால் சிரிப்பு வந்துவிடும்.

“நல்லாப் பாருங்க தலைவரே” என்றாள் ரிம்மா பணிவாக. “உள்ள விதை போட்டிருக்கேன், கதவைத் தொறந்தா குளிர் அடிச்சிடும். வெளியிலிருந்தே பாத்துச் சொல்லுங்க.”

சுற்றிலும் பளிங்குபோலத் துடைத்த கண்ணாடிகள் இருந்தன. எதன் வழியாக வேண்டுமானாலும் நிமிர்ந்து நின்றபடியே பார்க்கலாம். வெனியமின் நடந்தார். வாயில் ஏதோ விதிமுறை எண்ணைச் சொல்லிக்கொண்டேதான் நடந்தார். ஆனால் கால்கள் அவரைக் கதவுக்கு அழைத்துப்போயின. முழங்கால்கள் தாமாக மடங்கின. இரண்டு கைகளும் கண்ணுக்குப் பக்கத்தில் குவிந்தன. இடுப்பைப் பின்னால் தள்ளி, நீலக் கண்ணாடியின் ஓட்டையில் ஒற்றைக் கண்ணை வைத்து, அந்தத் தலைவர் அப்படியே நின்றுவிட்டார். யெவ்சேய் அவர் பின்னால் போய் நின்றார். கமிட்டிக்காரர் யெவ்சேயின் பின்னால் போய் நின்றார். யாரும் வரிசை என்று சொல்லவில்லை, வரிசை ஆகிவிட்டது. யெவ்சேயின் வலதுகை கோட்டுப் பையில் எதையோ தேடத் தொடங்கியது.

“மிட்டாய் தேடறாரு!” என்று யாரோ ஒருத்தி கீச்சிட்டாள். அவ்வளவுதான். கொல்லையே அதிர்ந்தது. ஒரு கிழவி சிரிப்புத் தாங்காமல் விறகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெனியமின் நிமிர்ந்தார். மூக்கு நுனியில் உதிர்ந்த நீலப் பொடி ஒட்டியிருந்தது.

“வேன்யா” என்றாள் ஸோயா இனிமையாக. “அங்க ஓட்டை இருக்குன்னு உனக்கு எப்படிடா தெரியும்?”

“எந்த ஓட்டை? நான்... கண்ணாடியோட தரத்தைப் பரிசோதிச்சேன்.”

“தரம் எப்படி?”

அவர் தொண்டையைச் செருமினார். தோல்பையை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றினார். “உறுதியான கண்ணாடி. பழசு. ஊரோட... ஊரோட வரலாறுன்னே சொல்லலாம். இருந்துட்டுப் போகட்டும். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?”

ஆட்சேபணை என்று கமிட்டியில் ஒருவரும் கை தூக்கவில்லை. ரகசியத்தைச் சொல்லிக்கொடுத்த தீஹோன் மட்டும் குளியலறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தான்.

அதற்கப்புறம் வெனியமின் வேலிப்பக்கம் தலைகாட்டவில்லை. பனி விழுந்தது, கோடையில் மட்டும் தோட்டத்தில் வந்து தங்குகிற வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஊருக்குள் போய்விட்டார்கள். அந்தத் தெருவில் ரிம்மா வீடு, வெனியமின் வீடு என்று இரண்டே புகைக்கூண்டுகள்தான் புகைந்தன. புத்தாண்டுக்கு ரிம்மாவுக்கு வெங்காயத்தாள் கிடைத்தது. அது பெரிய வித்தையல்ல, சமையலறை ஜன்னலில்கூட வளரும் என்று அவளே ஒப்புக்கொண்டாள். சதகுப்பை ஊசி ஊசியாக முளைத்தது. பகல் கொஞ்சம் நீண்டதும் முள்ளங்கி விதை போட்டாள். செடிகளுக்காக அன்றாடம் அடுப்பு எரிந்ததால் அவர்களும் அன்றாடம் குளித்தார்கள். “இந்த மாகாணத்துலயே சுத்தமான கிழவன் நான்தான். தோல் தேஞ்சு போச்சு” என்று தீஹோன் புலம்பினான்.

முள்ளங்கி இரண்டு இலை விட்டிருந்தபோது கடுங்குளிர் வந்து உட்கார்ந்தது. துப்பினால் தரையில் விழுவதற்குள் உறைந்துவிடும் குளிர். அந்த நேரம் பார்த்துத் தீஹோனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கணப்படுப்பின் மேலிருந்த கதகதப்பான படுக்கைத் திட்டில் ஏறிப் படுத்தவன் இறங்கவில்லை. ரிம்மா ஒருத்தியே விறகு பிளந்து, சுமந்து, டிரம்மில் திணித்தாள். வாத்து மெத்தைகள் போதாமல் தன் குளிர்க் கோட்டையும் கண்ணாடியின் மேல் போர்த்தினாள். விறகு அடுக்கு தேய்ந்துகொண்டே வந்தது. ஒரு சாயங்காலம் வாத்து மெத்தைமேல் உட்கார்ந்து, முள்ளங்கி இலைகள் துவண்டுகிடப்பதைப் பார்த்து அழுதுவிட்டாள். ‘டிக்கெட் கிழிச்ச கைதானே’ என்று தோன்றியது.

மறுநாள் விடிந்து கதவைத் திறந்தால் வாசலில் பிர்ச் விறகு ஒரு குவியல் இருந்தது. எல்லாத் துண்டும் ஒரே நீளம். அளவுகோல் வைத்து விறகு பிளக்கிற மனிதர் அந்தத் தெருவில் ஒருவர்தான் உண்டு.

ரிம்மா வேலியருகே போனாள். இரண்டு கைகளையும் வாயில் குவித்தாள். “ஐயோ திருட்டு! திருடன் வந்து விறகைப் போட்டுட்டுப் போயிட்டான்! போலீஸுக்குச் சொல்லப்போறேன்!”

“சொல்லு!” என்று வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. “வந்தா விறகை அவங்களே எடுத்துக்கட்டும்!”

“அந்தத் திருடனுக்குத் துணிச்சல் இருந்தா சாயங்காலம் குளிக்க வரட்டும். தண்ணி சுடும்!”

திருடன் வந்தார், கை நிறைய விறகோடு. மறுநாளும் வந்தார். இரண்டு பேரும் ஓட்டையைப் பற்றி வாயே திறக்கவில்லை. குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு பாத்தி ஓரமாக உட்கார்ந்து வெனியமின் இலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே எல்லாம் வெள்ளை. இங்கே மட்டும் பச்சை. “நெருக்கமா போட்டுட்ட, நடுவுல கொஞ்சம் பிடுங்கி விடு” என்பார். “உங்க தோட்டத்துல பிடுங்கிக்குங்க தலைவரே” என்பாள் ரிம்மா. அவர் போனபிறகு பிடுங்கிவிடுவாள்.

மார்ச் நடுவில், வேலியில் பாதியளவு பனி கிடக்கும்போதே, முதல் முள்ளங்கிகளைப் பிடுங்கினாள். கோலிக்குண்டு பெரிசு, செக்கச்செவேல். கறுப்பு ரொட்டி, வெண்ணெய், உப்பு. வெனியமின் ஒன்றைக் கடித்தார். நறுக்கென்ற சத்தம் தள்ளி உட்கார்ந்திருந்த தீஹோனுக்குக்கூடக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு மென்றார். விழுங்கினார்.

“கொஞ்சம் காரம் ஜாஸ்தி” என்றார்.

“இருக்கும். பஸ் முள்ளங்கி” என்றாள் ரிம்மா.

அப்போது தெருவில் பனிச்சறுக்கு வண்டி கிறீச்சிட்டது. ஸோயா கயிற்றைத் தோளில் போட்டு ஒரு சுமையை இழுத்துக்கொண்டு வந்தாள், மூச்சிரைக்க, முகமெல்லாம் சிவந்து. வண்டியின் மேல் ஆறேழு ஜன்னல்கள். ஒவ்வொன்றிலும் விரல் தடிமனுக்கு இரும்புக் கம்பிகள்.

வெனியமின் எழுந்து நின்றார். துண்டு தலையிலிருந்து நழுவியது. “ஸோயா! எங்கேருந்து இது?”

“பழைய போலீஸ் ஸ்டேஷன்லேருந்து. அவங்க புதுக் கட்டடத்துக்குப் போயிட்டாங்க, இதைப் பின்னால வீசியிருந்தாங்க. உன்னை நம்பினா நான் முள்ளங்கி தின்ன மாதிரிதான். நானே கட்டிக்கறேன்.”

“கேட்டு எடுத்தியா?”

“கேக்கறதுக்கு அங்க யாரும் இல்லியே.”

“நான் சங்கத் தலைவர்! என் கொல்லையில லாக்கப்பு ஜன்னலா?”

“கம்பியை அறுத்துட்டா நல்ல வெளிச்சம் வரும்” என்றான் தீஹோன். இடுப்பைப் பிடித்தபடியே குனிந்து சட்டத்தைத் தட்டிப் பார்த்தான். “மரம் அருமை. அறுக்காட்டியும் பரவால்ல. கொடி ஏத்தலாம்.”

ரிம்மா அதற்குள் ரம்பம் எடுக்கச் சாமான் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டாள். வெனியமின் தெருவின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. குனிந்து வண்டிக் கயிற்றைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

“சீக்கிரம் உள்ள தள்ளுங்க” என்றார். “மேல வாத்து மெத்தையைப் போர்த்துங்க.”