கடலோரம் போன கடைசி பெஞ்சு

"பெஞ்சு நவுந்துகினே போவுதுன்னு சொல்றேன், நீ இன்னான்னா—"

"தரை சாய்வா இருக்கும்மா, இன்ஜினியர் வந்து பாக்கட்டும், அதுக்குள்ள நான் என்ன—"

"சாய்வுன்னா மொத பெஞ்சு ஏன் அங்கியே கீது? அது இன்னா உன் சொந்தக்காரன் பெஞ்சா?"

"கொஞ்சம் மெதுவா பேசுங்கம்மா, பசங்களுக்குக் கேக்குது."

"கேக்கட்டும். என் பொண்ணுக்குத்தான் ஒண்ணும் கேக்கல."

நீலா எட்டாம் வகுப்பு வாசலில் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கணக்கு டீச்சரிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவள் மகள் ஜோதிகா உட்காரும் கடைசி பெஞ்சு அன்றைக்கு நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளின் மேல் இருந்தது. ஜூன் மாதம் அது வகுப்பறைக்குள்தான் இருந்தது. ஜூலையில் பின்சுவரைத் தொட்டது. ஒரு வெள்ளிக்கிழமை சுவருக்கு உள்ளே இருந்தது, திங்கட்கிழமை வெளியே இருந்தது. சுவரில் கீறல்கூட இல்லை. பிறகு மைதானத்தைத் தாண்டி சாலைக்கு வந்தது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் எப்படியும் வரிசையில் நின்றுகொண்டுதான் இருக்கும் என்பதால் யாரும் புகார் சொல்லவில்லை. ஜோதிகா ஒழுங்கான பெண். மணி அடித்ததும் போய் அதில் உட்காருவாள், மணி அடித்ததும் எழுந்து வீட்டுக்குப் போவாள். பாடம் மட்டும் அவளிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. மற்றவர்கள் விடையை எழுதி முடிக்கும்போதுதான் அவள் காதில் கேள்வி விழும். அவள் அப்பா எத்திராஜ் படகுக் கயிறு கொண்டுவந்து பெஞ்சை வகுப்புத் தூணோடு சேர்த்துக் கட்டினார். கயிறு அறுந்துபோகவில்லை. நீளமாகிவிட்டது.

"திங்கக்கெயமலேர்ந்து எறா உரிக்கப் போறேன்றா," என்றாள் நீலா. "தண்ணிக்குள்ள போற பெஞ்சுல இன்னாத்துக்கு ஒக்காரணும்னு கேக்கறா. நான் இன்னா பதிலு சொல்றது? நான் உரிச்சது பத்தாதா? என் கைய பாரு."

கணக்கு டீச்சர் தேவகிருபை கையைப் பார்க்கவில்லை. "எல்லாரையும் பாத்துதாம்மா பாடம் நடத்தறேன்," என்றார்.

"இப்பகூட என் மீன்கூடகிட்டதான் பேசினுகீற." நீலாவின் குரல் இறங்கியது, இறங்கியதால் இன்னும் நன்றாகக் கேட்டது. "மீனு வாங்க வர்றவளே மீனு கண்ண பாத்துத்தான் வாங்கறா டீச்சரம்மா. என் பொண்ணு கண்ணு இன்னா கலரு, சொல்லு."

"கறுப்பு."

"போய் பாரு."

தேவகிருபையின் அப்பா ராசையா தெற்கேயிருந்து வந்து ராயபுரத்தில் அரிசி மண்டி வைத்தவர். வாங்க வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தால் விலையைக் குறைக்கத் தோன்றிவிடும், ஆகவே தராசு முள்ளைத்தான் பார்க்க வேண்டும் என்பது கடையில் சட்டம். பள்ளிக்கூடம் விட்டு வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற மகளுக்கும் அதே சட்டம்தான். டீச்சர் வேலைக்குச் சேர்ந்தபோது தேவகிருபை வகுப்பில் ஒரு முள்ளைத் தேடினார், பின்சுவர்க் கடிகாரத்தில் கிடைத்தது. அன்றிலிருந்து அல்ஜீப்ரா முழுவதையும் அந்தக் கடிகாரத்துக்குத்தான் நடத்தினார். முதல் பெஞ்சுப் பிள்ளைகள் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்ததால் எப்போதாவது அவர் பார்வையில் பட்டார்கள். ஜோதிகா தொந்தரவு செய்யாதவள்.

டீச்சர் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடந்தார், பாறை மேல் ஏறினார். பெஞ்சின் இரண்டு கால்கள் ஏற்கெனவே தண்ணீரில் இருந்தன. ஜோதிகா தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சருக்கு முதலில் அலையைப் பார்ப்பது சுலபமாக இருந்தது, அப்புறம் தூரத்துக் கப்பல். கப்பலிலிருந்து பார்வையைப் பிடுங்கி அந்தப் பெண்ணின் முகத்தில் வைத்தபோது, கல்லாவை அப்படியே திறந்து போட்டுவிட்டு வந்ததுபோல இருந்தது.

"சாப்ட்டியா?"

"ம்."

"ஜோதிகா."

அவள் நிமிர்ந்தாள். கண்கள் கறுப்பு இல்லை. கடுங்காப்பியை வெயிலில் தூக்கிப் பிடித்த நிறம்.

"இன்னா டீச்சர் பாக்கறீங்க? எம்மூஞ்சில எதுனா கீதா?"

"உன்னத்தாம்மா பாக்கறேன்."

"இன்னாத்துக்கு?"

டீச்சர் பார்த்துக்கொண்டே நின்றார். பெண்ணும் பார்த்தாள். பெஞ்சு கிறீச்சென்று பாறையில் உரசி ஒரு சாண் கரைப்பக்கம் வந்தது. திங்கட்கிழமை ஜோதிகா இறால் கொட்டகைக்குப் போகவில்லை.

டீச்சர் அதன்பிறகு கடல் பக்கத்து ஜன்னலோரம் நின்று பாடம் நடத்தினார். அவ்வளவு தூரத்தில் கண் தெரியுமா என்று கேட்பவர்கள் உண்டு. பார்த்தால் தெரிந்தது. மழைக்காலத்தில் பெஞ்சு சாலையில் இருந்தது. லாரிக்காரர்கள் கீழே இறங்கி ஜோதிகாவுக்குக் குடை பிடித்தார்கள். ஜோதிகாவையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு வாரத்தில் நடு வரிசையில் வெற்றியும் அஜினும் உட்கார்ந்த பெஞ்சு நைசாகக் கழன்று குழாயடிக்குப் போய்விட்டது, ஆகவே பார்வையை எல்லா முகத்திலும் ஒரு சுற்று விட்டு எடுக்க வேண்டும் என்று டீச்சர் கற்றுக்கொண்டார். தை பிறந்தபோது ஜோதிகாவின் பெஞ்சு சுவருக்குள் வந்தது. கேள்வி அவளுக்கு எல்லாரோடும் சேர்ந்தே கேட்டது. அரையாண்டில் பதினொன்று வாங்கியவள் முழு ஆண்டில் அறுபத்து மூன்று வாங்கினாள். நீலா ஒரு வஞ்சிரத்தைத் துண்டு போட்டு வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்து டீச்சர் கையில் திணித்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடியே விலை வேண்டாம், விலை வேண்டும் என்று சண்டை போட்டார்கள்.

டீச்சரின் மேசையும் இத்தனை வருடமாகப் பின்னால் நகர்ந்து கரும்பலகையில் முட்டிக்கொண்டிருந்தது என்பதை அப்போதுதான் கவனித்தார்கள். அவர் முதுகெல்லாம் எப்போதும் சுண்ணக்கட்டித் தூளாக இருந்தது அதனால்தான். பிள்ளைகளும் பதிலுக்கு அவரைப் பார்க்க ஆரம்பித்த பிறகு மேசை மெல்ல முன்னால் வந்து, வகுப்புக்கு நடுவில் நின்றுகொண்டது. அதைச் சுற்றிப் போவது எல்லாருக்கும் பழகிவிட்டது. இன்றைக்கும் அந்தப் பள்ளியில் காலையில் வகுப்பைப் பெருக்கும் தனம், எந்த பெஞ்சு நேற்றைவிடத் தள்ளியிருக்கிறது என்று வாத்தியார்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவாள். அவர்கள் அன்றைக்கு அந்தப் பக்கம் பார்ப்பார்கள்.

அடுத்த ஜூனில் தேவகிருபைக்கு மீஞ்சூருக்கு மாற்றல் வந்தது. கடைசி நாள் பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்றார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து ஜோதிகாவிடம் நின்றார்.

"டீச்சர்," என்றாள் அவள், "அங்க உங்கள யாரு பாப்பாங்க?"