சொல்லிக்கொள்ளாமல் போனவர்கள்

ஐஸ் பெட்டி வந்தபோது அப்பாதான் கேட்டைத் திறந்துவிட்டார். அப்போதுதான் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு, கட்டம் போட்ட லுங்கியில் நின்றார்.

“யாருக்குப்பா இது?”

“இந்த கெஸ்ட் ஹவுஸ்ல தங்கியிருந்த பெரியவர் தவறிட்டாராம் சார். ப்ளக் பாயிண்ட் எங்க இருக்குது?” என்றான் வேன் டிரைவர்.

“டிவி பக்கத்துல ஒண்ணு இருக்குது. ஆனா அடிக்கடி கரண்ட் போவுது, பரவால்லியா?”

அப்பா சவரிநாதனுக்கு எழுபது தாண்டியும் கிண்டலுக்கு மட்டும் வயதாகவில்லை. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அவர் மகள் மெர்லினுக்குத்தான் கை கால் ஓடவில்லை.

வேனுக்குப் பின்னால் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள், கையில் மாலையோடு, மாதா கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை பிரிட்டோ, இரண்டு மூன்று மீனவர்கள். அப்பாவைப் பார்த்ததும் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

நடந்தது இதுதான். காலையில் உப்பளம் பார்க்கப் போன அப்பா, காற்று இரைகிறது என்று காது மிஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். வெயில் ஏறியதும் வரப்பில் மல்லாந்து படுத்து, உப்பின் வெள்ளை கண்ணைக் கூசாமலிருக்கத் துண்டை முகத்தில் போர்த்திக்கொண்டார். அந்தப் பக்கம் உப்பு வார வந்த தனக்கோடி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். அசைவில்லை. தொட்டுப் பார்க்க பயம். கோயிலுக்கு ஓடினாள். ஞாயிறு பூசைக்கு வந்த பெரியவர் என்றதும் பிரிட்டோ வேறெதையும் யோசிக்கவில்லை. நம்ம வேதக்காரர், வந்த இடத்தில் அநாதையாய்ப் போய்விட்டாரே என்று துக்க மணியை அடித்துவிட்டு, மரக்காணத்துக்குப் போன் போட்டு ஐஸ் பெட்டிக்கும் சொல்லிவிட்டார். அதற்குள் அப்பா எழுந்து, கடற்கரை வழியாக வீடு வந்து சேர்ந்திருந்தார். வரப்பில் உடலைக் காணாதவர்கள், யாரோ வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள் என்று இங்கே வந்துவிட்டார்கள்.

அந்த மணியை மெர்லினும் கேட்டாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள், யாரோ பாவம் என்று சிலுவை போட்டு, இறந்தவருக்கான செபத்தை முழுசாகச் சொல்லி முடித்திருந்தாள். இப்போது அவசரமாக இன்னொரு முறை சிலுவை போட்டுக்கொண்டாள்.

“சரி, வந்தது வந்துட்டீங்க. டீயாவது சாப்ட்டுப் போங்க” என்றார் அப்பா.

டீ வந்தது. யாரும் தொடவில்லை. மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்த பிரிட்டோ, கடைசியில் அதை வாசல் கேட் கம்பியிலேயே மாட்டினார். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி நடந்தார்கள். ஒருவர்கூட ‘போயிட்டு வரோம்’ என்று சொல்லவில்லை.

சாவு வீட்டிலிருந்துதான் அப்படிச் சொல்லிக்கொள்ளாமல் போவார்கள். அப்பாவும் அதைக் கவனித்துவிட்டார். அதற்கு மட்டும் அவரிடம் கிண்டல் இல்லை.

ஊர் சுற்றிப் பார்க்க வந்து, ஒரு வாரமாக நன்றாகத்தான் போயிற்று. குயிலாப்பாளையத்தில் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். கழுவேலி ஏரியில் பறவை பார்த்தார்கள். அப்பா போகிற இடமெல்லாம் யாரையாவது பிடித்து உட்காரவைத்துப் பேசினார். “ஹார்ட் பேஷண்ட்ட இந்த வெயில்ல எங்க இழுத்துட்டுப் போற?” என்று அண்ணன் லாரன்ஸ் சண்டைக்கு வந்தபோது, “எப்படி கூட்டிட்டுப் போறனோ அப்படியே கொண்டாந்து உன் வீட்ல விடறேன், போதுமா?” என்று மெர்லின் ரோஷத்தோடு சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா கடைத்தெருவுக்குப் போகவேண்டும் என்றார். அவளும் கூடப் போனாள். தினமும் “வாங்க சார்” என்கிற டீக்கடை காசிலிங்கம், அவளைப் பார்த்து, “உங்களுக்கு என்னம்மா?” என்றார். அப்பாவைக் கேட்கவில்லை. அப்பா வணக்கம் சொன்னார். காசிலிங்கம் பாய்லரைத் துடைத்தார். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் அப்பா பக்கத்தில் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். தாண்டிப் போனதும் தொடர்ந்தார்கள். நாய் ஒன்றுகூட அவரைப் பார்த்துக் குரைக்கவில்லை.

தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த தனக்கோடியிடம் மெர்லின் நேராகவே போய்விட்டாள்.

“ஏங்க, தப்பு உங்க மேல. எங்கப்பா கிட்ட ஒரு வார்த்த பேசினா என்ன குறைஞ்சிடும்?”

தனக்கோடி குடத்தையே பார்த்தாள். “மணி அடிச்சாச்சும்மா. நாங்க பேச்சு குடுத்தா போக வேண்டியவரு போவ மாட்டாரு. இங்கயே சுத்தினு இருப்பாரு. எங்க ஊர்ல குழந்தைங்க இருக்குது.”

“உசுரோட நிக்கறவரப் போயி என்ன பேச்சுங்க இது?”

“நான் உங்ககிட்டதாம்மா பேசறேன்” என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அப்பாவுக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. திரும்பி வரும்போது மெர்லினின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல்கள் சில்லென்றிருந்தன.

“நீ என்னைப் பாக்கறல்ல?”

“என்னப்பா நீங்க!”

“சும்மா கேட்டேன். கிளம்பிடலாம்மா. லாரன்ஸ் வீட்டுக்குப் போயிடலாம்.”

அவரே கிளம்பலாம் என்றது அவளுக்குப் பெரிய நிம்மதி. துணிகளை அள்ளிப் பைகளில் திணித்தாள். அப்பாவை முன் சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டையும் மாட்டிவிட்டு, வீட்டைப் பூட்டப் போனாள். பின்கதவுத் தாழ்ப்பாள் சண்டித்தனம் செய்தது.

திரும்பி வந்தபோது அப்பா கண்களைப் பாதி மூடியிருந்தார். தோளைத் தட்டினாள். கழுத்தைத் தொட்டாள். மூக்கருகே விரலை வைத்து, ரொம்ப நேரம் வைத்துக்கொண்டே நின்றாள்.

நிமிர்ந்தால், தெருமுனையில் பெண்கள் நின்றிருந்தார்கள். அவள் கத்தவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. அவர்களும் அழவில்லை, வேலை முடித்து வந்தவர்கள்போல வெறுமனே நின்றார்கள். தனக்கோடி மட்டும் முன்னால் வந்து, கண்ணாடி வழியாக அப்பாவின் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

“ஐயா, இறங்கி வாங்க” என்றாள், இனி அவரோடு பேசலாம் என்பதுபோல, அத்தனை அன்பாக.

மெர்லினுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் ஆத்திரம்தான் வந்தது. காரைச் சுற்றி ஓடி ஏறி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கிளம்பினாள். யாரும் வழி மறிக்கவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு பக்கமும் உப்பளங்கள் சாயங்கால வெயிலில் மின்னின. ஒரு வளைவில் போலீஸ்காரர் கை காட்டினார். குனிந்து உள்ளே பார்த்தார்.

“பெரியவர் தூங்கறாரா?”

“ஆமா சார். அலைச்சல்.”

“தல சாயுது பாரும்மா. ஏதாவது முட்டுக் குடு.”

அவள் தன் துப்பட்டாவை மடித்து அப்பாவின் கன்னத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்தாள். போலீஸ்காரர் தலையசைத்தார். வண்டி நகர்ந்ததும் ஏசியை முழுசாகக் கூட்டினாள்.

“குளுருதாப்பா?” என்றாள். கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு தரம் கேட்டாள், இம்முறை சத்தமாக, அவருக்குக் காது கேட்காது என்பதால்.