சுற்ற மறுத்த கேமராவை நான் பழுதுபார்த்த விதம்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. மில்வாக்கியில் எங்கள் முப்பரிமாணப் படச் சங்கத்தின் மாத இதழுக்கு, 'இரட்டை லென்ஸ் கேமராவில் பிலிம் சுற்ற முடியாமல் இறுகினால் என்ன செய்வது' என்று ஒரு பக்கம் கேட்டார்கள். நானும் தலையை ஆட்டித் தொலைத்தேன்.

2

முதல் தொடக்கம்: 'ஐம்பது வருடக் கேமராக்களில் கிரீஸ் காய்ந்து பிசினாகிவிடும். ஆகவே முதலில் பின்கதவைத் திறந்து

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

இரண்டாம் தொடக்கம்: வெள்ளிக்கிழமை மத்தியானம், மீன் வறுவல் சாப்பிடப் போகும் வழியில், ஹார்லன் குபியாக் தன் மனைவியின் கேமராவோடு என் பட்டறைக்கு வந்தார். வெர்னா இறந்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

"பிலிம் சுத்துற திருகு நகரவே மாட்டேங்குதுப்பா. பேத்தி கல்யாணத்த அவ கேமராவுலதான் எடுக்கணும்."

"உள்ள பிலிம் இருக்கா?"

"காலிதான். பாத்துத் தொடு. உன் கை பட்டா ஓடுற கடிகாரமும் நின்னுடும்னு வெர்னா சொல்லுவா."

"அவங்க கடிகாரத்த ஓட வச்சதே நான்தானே!"

சிரித்தோம்.

3

இங்கே ஒரு முட்டாள் தேவை. பழுதுபார்ப்பவனைக் கற்றுக்குட்டியாக மாற்றி எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. முப்பது வருட அனுபவம் இருப்பவன்தான் இந்தத் தப்பைச் செய்வான்.*

ஹார்லன் போனதும் ஜன்னல் வெயிலில் கதவைத் திறந்தேன். உள்ளே பிலிம். ஏதோ பழைய வெற்றுச் சுருள் என்று முழுவதையும் உருவிப் போட்டேன். படம் எண்ணும் எண்காட்டி, ஒரு ரோலின் கடைசி எண்ணான இருபத்தெட்டில் நின்றதைப் பிறகுதான் பார்த்தேன். கேமராவில் ஒரு பழுதும் இல்லை. பிலிம் தீர்ந்துபோய் இறுகியிருந்தது, அவ்வளவுதான். வெர்னா கடைசியாக எடுத்த அத்தனை படங்களையும் நான் வெயிலுக்குக் கொடுத்துவிட்டேன்.

"கிரீஸ் காஞ்சிருந்துச்சு, எடுத்துட்டேன்" என்று ஹார்லனிடம் சொன்னேன். அவர் பூரித்துப்போய் சங்கம் முழுக்க என் புகழ் பாடினார். அதனால்தான் இந்தப் பக்கமே என்னிடம் வந்தது. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

* கதவைத் திறக்கும் முன், பிலிமைத் திருப்பிச் சுற்றும் திருகை லேசாகத் திருகினால் போதும். பிலிம் இருந்தால் கைக்குத் தெரியும். மூன்று நொடி வேலை.

4

நேற்று ஹார்லன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"வெர்னாவோட நோட்டு கிடைச்சுதுப்பா. எடுத்த படத்தையெல்லாம் வரிசையா எழுதி வச்சிருக்கா. இருபத்தெட்டாவது, 'பல் செட் இல்லாமல் சிரிக்கும் ஹார்லன்'. திருட்டுக் கழுத! அந்த ரோலத்தான் காணோம். மூணு அலமாரியக் கொட்டிட்டேன். கேமராவுல ஒண்ணும் இல்லல்ல? காலின்னு நான்தானே சொன்னேன்?"

உண்மையைச் சொன்னால், காலி என்று சொன்ன தன் வாயையே நொந்துகொள்வார். பொய் சொன்னால், சாகும்வரை அலமாரிகளைக் கொட்டிக்கொண்டிருப்பார்.

"நாளைக்குப் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன்.

முடிவு அ: காலிதான் என்று சொல்கிறேன். ஹார்லன் நிம்மதியாக

முடிவு ஆ: அவர் என்னை மன்னித்து (யார் எழுதச் சொன்னது இதை?)

5

முடிவு எழுத எனக்கு வக்கில்லை. இந்த இதழின் தாள்களை மாதாமாதம் தன் சாப்பாட்டு மேசையில் அடுக்கி, ஸ்டேப்ளர் பின் அடித்து, தபால்தலை ஒட்டுபவர் ஹார்லன்தான். எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் அடுக்குவார். பிடிக்காத தாளை நூறு பிரதியிலிருந்தும் உருவ அவருக்குக் கால்மணி நேரம் போதும்.

உங்கள் பிரதியில் இந்தத் தாள் இருந்தால், அவர் அதை உருவவில்லை. ஏன் என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தைரியமில்லை.