பெலார்மினோவின் ஜன்னல்

ஒரு தீவின் கரையோரம் இருந்த கெல்வே என்ற ஊரைத் தவிர வேறெதையும் பெலார்மினோ கார்க்கமோ வாழ்நாளில் வரைந்ததில்லை. மேட்டிலிருந்த தன் மரவீட்டு ஜன்னல் வழியாக ஊரைப் பார்ப்பார். பார்த்ததை வரைவார். பார்க்காததை வரைய அவருக்கு வராது. தலைநகரத்துக்காரர் ஒருவர் பழக்கூடை வரையச் சொன்னபோது, "கூடையைக் கொண்டுபோய் கெல்வே படகுத்துறையில வைங்க, பாக்கலாம்" என்றார்.

வினை ஓர் ஈயால் வந்தது. ஜன்னல் கண்ணாடியில் அது உட்கார்ந்த இடத்தில் ஒரு மீனவர் வீடு மறைந்துபோனது. விரட்டச் சோம்பல்பட்டு, வீட்டை விட்டுவிட்டு வரைந்தார். அந்த மாதமே மீனவரின் மரவீட்டை அப்படியே மாடு பூட்டிக் கடலுக்கு இழுத்து, மிதக்கவிட்டு, படகில் கட்டி எதிர்க்கரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வீடுகள் இடம் மாறுவது சகஜம்தான். ஆனால் அடுத்த படத்துக்குச் சிவப்புச் சாயம் தீர்ந்துபோய், ஊர்க்காரன் ரோசமெலின் செம்மாட்டை வரையவில்லை. காலையில் கொட்டிலில் கயிறு இருந்தது, முடிச்சும் அவிழாமல் இருந்தது, மாடு மட்டும் இல்லை.

அப்புறம், தங்களை விட்டுவிடாமல் வரையச் சொல்லி, ஊரே உருளைக்கிழங்கும் சுட்ட சிப்பியுமாக அவர் வாசலுக்கு வந்தது. விதவை ஒத்திலியா தினமும் ஜன்னலுக்கு நேரே வந்து நின்றுவிட்டுப் போவாள்.

"தெரியுறேனா அண்ணே?"

"உன்னை எதுடி மறைக்கும்? மலையே உன் பின்னாடிதான் நிக்குது."

இப்படியே நல்லபடியாகத்தான் போனது, அவர் கண்ணில் புரை விழும்வரை. ஒருநாள் ஒத்திலியா வழக்கம்போல வந்து நின்றாள்.

"யாரது, கம்பமா?" என்று கேட்டார்.

அவள் சிரிக்கவில்லை. வந்த வழியே திரும்பிப் போனாள். அன்றிலிருந்து யாரும் கிழங்கு கொண்டுவரவில்லை.

அடுத்த வாரம் வீட்டின் அடிக்கட்டை இற்றுச் சரிந்தது. முட்டுக்கொடுக்க வரும்படி ஊரைக் கூப்பிட்டார். கூலி கிடையாது, வருகிறவர்களுக்கு வயிறாரப் போட வேண்டும், அவ்வளவுதான். இதுவரை எந்த வேலைக்கும் எட்டிப் பார்க்காதவர்கள்கூட மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு கட்டைக்கு எதற்கு இத்தனை மாடு என்று நினைத்தார்.

"முதல்ல சாப்பாட்டப் போட்டுடுங்க, பெலார்மினோ ஐயா," என்றான் ரோசமெல்.

வேலை முடிந்துதான் சாப்பாடு என்பது வழக்கம். இருந்தும் ஆட்டிறைச்சியையும் ஆப்பிள் மதுவையும் பரிமாறினார். அங்கேதான் தப்புப் பண்ணினார். ஒருவன் கைச் சாப்பாட்டைத் தின்றபின் அவன் வேலையைப் பாதியில் விடுவது கெல்வேயில் பெரும்பாவம். சாப்பாடு போட்டவன் நிறுத்தச் சொல்வது அதைவிடப் பாவம்.

தின்றவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு கதவுகளைக் கழற்றினார்கள். பிறகு ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்து அவர் மடியில் வைத்தார்கள். வீட்டுக்கடியில் உருளைகள் நுழைந்தன.

"முட்டுக்கொடுக்கத்தானேப்பா கூப்பிட்டேன்?"

"கொடுக்கறோம். எதிர்க்கரையில."

"நான் இங்கயே செத்துப்போறேன்டா, ரோசமெல்."

"நீங்க சாவுங்க, வேணாங்கல. எங்களைக் கூட்டிட்டுப் போயிடாதீங்கன்னுதான்."

மாடுகள் இழுத்தன. வீடு மேட்டைவிட்டு இறங்கி, ஊர் நடுவே போய், கடலில் மிதந்தது. உள்ளே நாற்காலியில் பெலார்மினோ. ஊருக்குள் ஒவ்வொரு வாசலாகத் தொட்டுவிடும் தூரத்தில் கடந்தபோது, எல்லாரும் முகத்தை அவருக்கு நேரே நன்றாகக் காட்டினார்கள். ஒத்திலியா அழுதுகொண்டே காட்டினாள்.

எதிர்க்கரையில் வீட்டை நிறுத்தி, ஜன்னலை மறுபடி பொருத்தி, கெல்வேயைப் பார்த்தமாதிரியே திருப்பிவைத்தார்கள். அவ்வளவு மரியாதை இருந்தது. தூரம் போனால் கிழவருக்கு ஒன்றும் தெரியாது, தெரியாததை வரையமாட்டார், படமே இல்லையென்றால் யாரும் அதில் விடுபடமாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு.

படகுகள் திரும்பிப் போயின. பெலார்மினோ படம் வரையும் துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணி அடித்தார். வரையாமல் ஒருநாளும் இருந்ததில்லை அவர். நிமிர்ந்து பார்த்தார். நீர்மேல் மூடுபனி இறங்கியிருந்தது, கரைக்குக் கரை, ஒரே வெள்ளை.

பார்த்ததைத்தான் வரைவார். வெள்ளைச் சாயம் நிறையவே இருந்தது.