ஷூவின் மேல் போட்ட பழி

செருப்புக்கடைக்காரருக்கு ஒரு கர்வம் உண்டு. தன் கடைக்குள் நொண்டிக்கொண்டு வருகிறவன் நேராக நடந்து போவான் என்பார். இருபத்தாறு வருடமாக அடுத்தவர் காலைப் பிடித்தே பிழைக்கிறவர். அதில் அவருக்கு வெட்கமும் இல்லை.

அதனால்தான், இரண்டு தெரு தாண்டினால் இடது கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது, கொஞ்சம் உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது என்று தபால்காரனாக இருக்கும் சொந்தத் தம்பி வந்து நின்றபோது, அவர் பழியை ஷூவின் மேல் போட்டார். மாற்றிக் கொடுத்தார். வலி போகவில்லை. அகலமான ஜோடி கொடுத்தார். அப்புறம் உள்ளே மெத்தை வைத்தது. எட்டு மாதம் இப்படியே ஓடிவிட்டது. வேலை முடிந்ததும் தம்பி ஹூக்காக் கடையில் இரண்டு மணி நேரம் குழாயும் வாயுமாகக் கிடப்பது அவருக்குத் தெரியும். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடத் தோன்றவில்லை. புகை போவது நெஞ்சுக்குள், கால் இருப்பது கீழே. அவ்வளவுதான் அவருடைய வைத்திய ஞானம்.

நான்காவது ஜோடிக்கு அளவெடுத்த அன்றுதான் இரண்டு பாதங்களையும் ஒரே நேரத்தில் கையில் ஏந்தினார். வலது பாதம் வெதுவெதுப்பாக இருந்தது. இடது சில்லிட்டுக் கிடந்தது. பெருவிரல் ஓரத்தில் சின்னதாக ஒரு புண். ஒரு மாதமாக ஆறவில்லையாம். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினார்.

டாக்டர் கையிலும் கணுக்காலிலும் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார். கையில் இருந்ததில் பாதிகூட இடது கணுக்காலில் இல்லை. காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு வருகிறது, ஹூக்காவை இன்றே விடாவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரலாம் என்றார். வலி தெரியாமல் போனால் அந்த இடம் செத்துவிட்டது என்று அர்த்தம் என்றும் சொன்னார். நான் சிகரெட்டைத் தொட்டதே இல்லை, இது தண்ணீரில் கழுவி வருகிற புகைதானே என்று தம்பி வாதாடினான். தண்ணீர் புகையை ஆறவைக்கும், நஞ்சை எடுக்காது என்றார் டாக்டர்.

நடந்து பிழைக்கிறவனுக்குக் காலை விட்டால் என்ன இருக்கிறது? தம்பி அழுதான், சத்தியம் செய்தான், பதினோரு நாள் தாக்குப்பிடித்தான். பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் அண்ணன் ஹூக்காக் கடைக்குள் நுழைந்தபோது, மூலையில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தான்.

நாலு அறை விடும் கோபத்தில்தான் வந்தார். அவன் முகத்தைப் பார்த்ததும் கை எழவில்லை. எழுந்து வா என்று மட்டும் சொன்னார்.

"நாள் பூரா இந்தக் கால் என்னைக் கொல்லுதுண்ணா. இங்க வந்து உட்கார்ந்தாதான் வலி விடுது."

எங்கே உட்கார்ந்தாலும் விடும் என்று சொல்லிப் பார்த்தார். கெஞ்சியும் பார்த்தார். தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்; குழாயை மட்டும் விடவில்லை. வேறு என்ன செய்வது என்று தெரியாமல், தெரிந்த ஒரே வேலையைச் செய்தார். குனிந்து அவன் இடது ஷூவைக் கழற்றினார். பெருவிரல் கறுத்திருந்தது. அதை அழுத்தினார். இன்னும் பலமாக அழுத்தினார்.

"வலிக்குதாடா?"

தம்பி குழாயை எடுக்காமலே, நிம்மதியாக, இல்லை என்று தலையசைத்தான்.