செவலை கேட்ட கருப்பட்டி

செவலை என்னைப் பதினோரு முறை கீழே தள்ளியிருக்கிறது. எண்ணியது என் மனைவி பிலோமினாள்; நான் ஒன்பதோடு விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான். சேணம் பூட்டும்வரை பச்சைப் பிள்ளை மாதிரி நிற்கும். நான் ஏறி உட்கார்ந்ததும் தலையைக் குனிந்து, முதுகை வளைத்து, நாலு காலிலும் எம்பும். நான் தல்லாகுளத்து மண்ணில் கிடப்பேன். அது ஓடிப்போனாலாவது பரவாயில்லை. இரண்டடி தள்ளி நின்று, திரும்பி என்னையே பார்க்கும். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

நான் தனிஸ்லாஸ், மிஷன் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். முப்பத்துநாலாம் வருஷம், திருவாதவூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு மருந்துப் பெட்டியோடு போய்வர ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். பன்னிரண்டு வருஷமாக ஒரே ஜன்னலுக்குப் பின்னால் நின்று மிக்சர் கலக்கியவன் நான். முதலில் கை தூக்கினேன். வரப்பும் வாய்க்காலுமான பாதைக்குக் குதிரைதான் சரி என்று, அவனியாபுரத்துச் சோணையிடமிருந்து இந்த மூன்று வயதுக் குதிரையைப் பெரிய டாக்டர் வாங்கிக் கொடுத்தார். தை பிறக்குமுன் ஏறிப் பழகாவிட்டால் வேலை இன்னொரு கம்பவுண்டர் மரியராஜுக்கு என்றும் சொல்லிவிட்டார். மரியராஜிடம் சைக்கிள் இருக்கிறது. அதைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரிப்பான்.

நான் கோபக்காரன்தான். ஆனால் வாயில்லா ஜீவனை அடிக்க எனக்குக் கை வராது. விழுந்ததும் எழுந்து, தூசி தட்டி, சட்டைப்பையிலிருந்து கருப்பட்டித் துண்டை எடுத்துக் கொடுத்துச் சமாதானம் பேசுவேன். தின்றுவிட்டு என் கையை நக்கும். மறுநாள் மறுபடியும் தள்ளும். சட்டையெல்லாம் எறும்பு என்று பிலோமினாள் சத்தம் போட்டதுதான் மிச்சம்.

பதினோராவது முறை இடது தோள் வீங்கிவிட்டது. சோணையை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று அன்றைக்கே ஜட்கா பிடித்து அவனியாபுரம் போனேன். போய்ச் சேருவதற்குள் அந்த நாலு வார்த்தை நாற்பதாகியிருந்தது.

சோணை கொல்லையில் தன் ஜல்லிக்கட்டுக் காளையோடு நின்றிருந்தார். பொங்கலுக்கு ஒரு மாதம்தான் பாக்கி. அவருடைய தம்பி காளையின் திமிலைக் கட்டிப் பிடித்தார். காளை குனிந்து ஓர் உலுக்கு உலுக்கியது. தம்பி வைக்கோலில் போய் விழுந்தார். காளை நின்று, திரும்பிப் பார்த்தது. சோணை ஓடிப்போய் அதன் வாயில் கருப்பட்டியைத் திணித்துக் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்சினார்.

அந்தப் பார்வையை நான் பதினோரு முறை பார்த்திருக்கிறேன்.

கொண்டுபோன நாற்பது வார்த்தையையும் ஒதுக்கிவைத்தேன். செவலை எங்கே வளர்ந்தது என்று மட்டும் கேட்டேன்.

"இதே மாட்டுக் கொட்டத்துலதான். தாய்க்குதிரை செத்துப்போச்சு. காளக்கன்னோட ஒண்ணாத்தான் வளந்துச்சு."

"குதிரையையும் இப்படித்தான் பழக்குனீகளாண்ணே?"

"பின்னே? முதுகுல ஒருத்தன் கை வச்சா விட்ருமா அது? எம்புட்டுப் பேரைத் தள்ளியிருக்கு தெரியுமா?" என்றார் பெருமையாக.

மனிதர் ஒரு குதிரையை வாடிவாசலுக்குத் தயார்செய்து என் தலையில் கட்டியிருக்கிறார். முதுகில் ஆளை ஒட்டவிடுவது அந்த ஊர் மாட்டுக்குத் தலைகுனிவு. குதிரைக்கு அதுதான் பிழைப்பு என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. கோபப்படலாம் என்று பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது. அவரைச் சொல்லி என்ன? அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவன் நான். தள்ளிய ஒவ்வொரு முறைக்கும் என் கையாலேயே கருப்பட்டி கொடுத்திருக்கிறேன்.

மறுநாளிலிருந்து பழக்கும் முறையை மாற்றினேன். தள்ளினால் ஒன்றும் கிடையாது. சேணத்தைக் கையால் அழுத்தும்போது அசையாமல் நின்றால் கருப்பட்டி. அப்புறம் சேணத்தின்மேல் அரை மூட்டை கொள்ளு. அப்புறம் நானே மூட்டை மாதிரிக் குறுக்கே படுத்தேன். தெருவே கூடிச் சிரித்தது. மூட்டையை எகிறித் தள்ளிவிட்டுக் கருப்பட்டிக்காகக் காத்து நின்று ஏமாந்த நாட்களில் செவலையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அது ஒழுங்காகக் கற்ற பாடம் ஒன்றுதான். அதையும் தப்பு என்கிறேன்.

மார்கழி பாதியில் அங்கவடியில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தேன். நின்றது. தலையைத் திருப்பி என் முழங்காலருகே வாயை நீட்டியது. குனிந்து கொடுத்தேன். பிறகு நடந்தது. அதுவே வழக்கமாகிவிட்டது; கருப்பட்டி வாயில் விழுந்த பிறகுதான் கால் நகரும்.

மார்கழி கடைசி நாள் ஆஸ்பத்திரி முற்றத்துக்குப் பெரிய டாக்டர் பார்க்க வந்தார். மரியராஜும் சைக்கிளோடு வந்து நின்றான். நான் ஏறினேன். செவலை திரும்பி வாயை நீட்டியது. சட்டைப்பையில் கையை விட்டேன். ஒன்றுமில்லை. டாக்டர் முன்னால் எறும்புச் சட்டையோடு நிற்பதாவது என்று பிலோமினாள் காலையில் சலவைச் சட்டையைக் கொடுத்திருந்தாள்.

எனக்குக் கீழே முதுகு மெல்ல இறுகியது. பன்னிரண்டாவது முறை, அதுவும் மரியராஜ் கண்முன்னால். பயமாகத்தான் இருந்தது. வெறுங்கையை அதன் மூக்கருகே விரித்துக் காட்டினேன்.

"இல்லடா செவலை. வீட்டுக்குப் போயித் தாரேன்."

கையை முகர்ந்தது. ஒருதரம் நக்கிப் பார்த்தது. பெரிதாக ஒரு மூச்சு விட்டது, முதுகு தளர்ந்தது. பிறகு நான் அதட்டாமலே கேட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வெறுங்கையை அதுவரை யாரும் அப்படி நம்பியதில்லை.

மருந்துப் பெட்டியை வாங்கிக்கொள்ளச் சொல்லி டாக்டர் பின்னாலிருந்து கூப்பிட்டார். இதோ வந்துவிடுகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு, முதலில் வீட்டுக்குத்தான் விட்டேன்.